மேலே தணல், கீழே தணல்

எங்கள் வீட்டில் டிசம்பர் 23ஆம் தேதி எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. கிறிஸ்துமஸுக்கு முறுக்கோ அதிரசமோ கல்கல்லோ, எல்லாவற்றையும் 22ஆம் தேதி ராத்திரிக்குள் பொரித்து, ஆறவைத்து, பிஸ்கட் டின்னில் அடைத்தாக வேண்டும். மிச்சம் விழுந்தால் 24ஆம் தேதிதான் கை வைக்கலாம். 23 அன்று விடிகாலைப் பூசைக்குப் போவோம். முந்தின வாரமே அப்பா பூசைக் கருத்து, அதாவது யாருக்காக அந்தப் பூசை என்று, எழுதிக் கொடுத்திருப்பார். சாமியார் அதை வாசிக்கும்போது ஒரு பெயர் வரும். அந்த இடத்தில் அப்பத்தா முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொள்வார். வீடு திரும்பினால் அன்றைக்குக் கஞ்சியும் துவையலும்தான்.

சின்ன வயதில் இதைத் திருச்சபைச் சட்டம் என்றே நம்பியிருந்தேன். எங்களுக்குத் தமிழ் எழுத்தும் மந்திரமும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த உபதேசியார் ஒருநாள் ஒறுத்தல் நாட்களைப் பற்றிக் கேட்டார். "வெள்ளிக்கிழமை கறி சாப்பிடக் கூடாது, 23ஆம் தேதி எண்ணெய் காயக் கூடாது" என்று எழுந்து நின்று ஒப்பித்தேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். "ரெண்டாவது சொன்னது யாரு தாயி?" என்றார். "அப்பத்தா" என்றேன். "அப்ப சரிதான்" என்று அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

அவருக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எனக்குத் தெரிய ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது.

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், தாம்வே பகுதியில் இருக்கிறோம். எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ராமநாதபுரத்து ஓரியூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். 1693இல் புனித அருளானந்தர் வேதத்துக்காக வெட்டுப்பட்ட ஊர் அது. அவருடைய இரத்தம் பட்டுத்தான் அங்கே மண் சிவந்தது என்பார்கள். வந்துபோகிறவர்கள் ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு போவார்கள். ஐயாவும் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறும்போது அதைத்தான் மடியில் வைத்திருந்தாராம். இங்கே பசுண்டவுங் ஓடையோரத்து அரிசி ஆலை ஒன்றில் மேஸ்திரியிடம் ஆளாகச் சேர்ந்தார். பிறகு ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து அப்பத்தாவைக் கூட்டிவந்தார்.

அந்த மண் இன்னும் எங்களிடம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது வைக்கோலுக்கு முன்னால், மாட்டுக்கும் ஆட்டுக்கும் முன்னால், முதலில் அதைத்தான் சிட்டிகையெடுத்துத் தட்டில் போடுவோம். பண்டிகை முடிந்ததும் மயிலிறகால் கூட்டித் திரும்ப டப்பாவில் சேர்த்துவிடுவோம். ஒவ்வொரு வருஷமும் ஒரு துளியாவது குறைகிறது. எங்கள் அம்மா காலத்தில் டப்பாவில் முக்கால் இருந்தது, இப்போது பாதிக்குக் கீழே.

கல்கல் எங்கள் ஊர்ப் பலகாரமே இல்லை. ஆலைக்குப் பக்கத்து லைனில் குடியிருந்த ஒரு கோவாக்கார அம்மாளிடம் அப்பத்தா பழகியது. மாவைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, சீப்பின் பல்மேல் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டினால் சோழி மாதிரி வரும். அதற்கென்றே வாங்கின எலும்புச் சீப்பு ஒன்று உண்டு, யாரும் தலையில் வைத்ததில்லை. அந்த அம்மாள் வீட்டில் பெரிய அடுப்பும் இருந்தது. ரம்மில் ஊறப்போட்ட திராட்சையையும் முந்திரியையும் மைதாவையும் வெண்ணெயையும் எங்கள் வீட்டிலிருந்து கொடுத்தால், பிளம் கேக்காகத் திரும்பி வரும். ஐம்பதுகளின் கிறிஸ்துமஸ் என்று அப்பா சொன்னதெல்லாம் அந்தக் கேக்கின் வாசனைதான். நான் அதைப் பார்த்ததில்லை. நான் பிறந்தது 1963இல்.

அந்த வருஷங்களில் நடந்ததைப் பர்மாத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கிகள் போயின, ஆலைகள் போயின, கடைகள் போயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மாமாவுக்கு, அதாவது அப்பாவின் அக்காவான அத்தையின் வீட்டுக்காரருக்கு, சூரத்தி பசாரில் ஜவுளிக் கடை. ஒரு காலை கதவைத் திறந்தபோது கடை அரசாங்கத்துக்கு என்று ஆகியிருந்தது. அந்த வருஷமே அத்தையும் மாமாவும் பிள்ளைகளும் கப்பலேறினார்கள். காதில் கிடந்த நகையைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனார்கள். கோவாக்கார அம்மாள் குடும்பமும் போய்விட்டது. ஐயா அப்போது உயிரோடு இல்லை. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. போகலாமா இருக்கலாமா என்று அவர் தடுமாறிக்கொண்டிருந்தபோது, "நான் வரல. நீங்க வேணா போங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர் அப்பத்தா. ஏன் என்று சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஆக, அந்த டிசம்பரில் கேக் இல்லை. அடுப்பு வைத்திருந்தவர்கள் இல்லை, வெண்ணெய் இல்லை. அரசாங்கத்தின் மக்கள் கடையில் ரேஷன் அட்டைக்குக் கிடைக்கிற சாமான்களில் திராட்சை ஏது? பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் அடுத்த வீட்டு பர்மிய அம்மாள் எங்கள் அம்மாவைத் தன் அடுக்களைக்குக் கூப்பிட்டார். நாங்கள் அவரை அப்வா என்போம், பாட்டி என்று அர்த்தம். அவர் புத்த மதத்துக்காரர், விகாரைக்குக் கொடுக்கப் பலகாரம் செய்கிற கை. அவரிடம் எங்கள் அம்மா கற்றுக்கொண்டதுதான் சன்வின்மக்கின்.

இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதிவைக்கிறேன், பிள்ளைகள் யாராவது தேடி வருவார்கள். கால் வீசை ரவை. இங்கே இன்னும் வீசைக் கணக்குதான், கால் வீசை என்றால் 400 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ரவையை வெறும் சட்டியில் செம்மண் நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். இதில்தான் பொறுமை வேண்டும், அவசரப்பட்டால் பாதி கருகிப் பாதி வெள்ளையாக நிற்கும். இரண்டு தேங்காயின் பால், கால் வீசைச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். நாலு முட்டையை அடித்து ஊற்றி, நெய்யோ எண்ணெயோ விட்டு, சட்டியை விட்டுச் சுருண்டு வரும்வரை கிளற வேண்டும். பிறகு அடிகனமான பாத்திரத்தில் கொட்டி மட்டமாகத் தட்டி, மேலே கசகசாவைத் தூவி மூட வேண்டும். இனிமேல்தான் விஷயமே. கீழே இருக்கிற தணலைக் குறைத்துவிட்டு, தகர மூடியின் மேலே அள்ளிப் போட வேண்டும். கீழே தணல், மேலே தணல். மேல்பக்கம் சிவந்து, கசகசா வெடிக்கிற வாசனை தெருவுக்குப் போகும்போது இறக்கலாம். ஆறினபின் கத்தியால் சாய்சதுரமாகப் போட வேண்டும்.

நான் வளர்ந்த காலம் முழுக்க கிறிஸ்துமஸ் கேக் என்றால் இதுதான். மேசை நடுவில் இதை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, அப்பா ஜெபம் சொல்லி வெட்டுவார். 1988க்குப் பிறகு கடைகள் மறுபடி திறந்தன, எல்லையிலிருந்து சாமான்கள் வர ஆரம்பித்தன. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அப்பா பெரிய ஆசையோடு பேக்கரியிலிருந்து பிளம் கேக் வாங்கிவந்து மேசை நடுவில் வைத்தார். பிள்ளைகள் ஒரு வாய் தின்றுவிட்டு, "கிறிஸ்துமஸ் கேக் எங்கே?" என்று கேட்டார்கள். அப்பா எதுவும் சொல்லவில்லை. முப்பது வருஷம் அவர் மனசுக்குள் காத்துவைத்திருந்த ருசி அது. ஆனால் அடுத்த வருஷம் கரி வாங்கிவந்து தணல் போட்டவரும் அவர்தான்.

பூசையும் இதே மாதிரிதான் மாறியது. அப்பா சிறுவனாக இருந்தபோது லத்தீன் பூசை, தமிழ்ப் பிரசங்கம். 1965இல் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்திருந்த வெளிநாட்டுச் சாமியார்கள் 1966இல் போக வேண்டியதாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னால் பூசை பர்மிய மொழிக்கு வந்தது. எங்கள் கோவிலில் இப்போது நன்மை (நற்கருணை) வாங்கும் நேரத்தில் ஒரே ஒரு தமிழ்ப் பாட்டு பாடுகிறோம். என் மகள் அதைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துத்தான் பாடுகிறாள். உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். எனக்கு அது போதாது என்று ஒரு காலத்தில் அவளோடு சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது பக்கத்தில் நின்று கூடப் பாடுகிறேன்.

2013 டிசம்பரில் சென்னைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. அத்தை வியாசர்பாடியில் இருந்தார், பர்மாவிலிருந்து போனவர்கள் நிறையப் பேர் குடியேறிய இடம். அவருக்கு அப்போது 80 வயது. அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, அவர் சார்பில் அத்தையைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை பார்த்துவிட்டுத் தூங்கி எழுந்தால், அடுக்களையிலிருந்து எலுமிச்சைப் புல்லும் மீனும் கொதிக்கிற வாசனை. வாழைத்தண்டு போட்டு, கடலைமாவு கரைத்து, அத்தை மொஹிங்கா, பர்மாக்காரர்களின் மீன் நூடுல்ஸ், வைத்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளைகள், ரங்கூனை வரைபடத்தில்கூடப் பார்க்காதவர்கள், கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "கிறிஸ்மஸ் காலம்பற மொய்ங்காதான் ஆத்தா, நம்ம ரங்கூன் வழக்கம்" என்றார்.

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. ரங்கூனில் இருக்கிற எங்கள் வீட்டில் 25ஆம் தேதி காலை இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான். அது ஓரியூர் வழக்கம் என்று அப்பத்தா விதித்தது. (உளுந்துக்கு இங்கே குறைவில்லை. தமிழ்நாட்டுக்கே இங்கிருந்துதான் கப்பல் கப்பலாகப் போகிறது.) கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்த ஊரைச் சமைக்கிறார்கள், இந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்த ஊரைச் சமைக்கிறோம். 49 வருஷம் இப்படியே நடந்திருக்கிறது, இரண்டு வீட்டுக்கும் மற்ற வீட்டில் என்ன கொதிக்கிறது என்று தெரியாமல்.

ஆனால் ஒன்று மட்டும் ஒத்துப்போனது. நான் போய் இறங்கியது 22ஆம் தேதி. மறுநாள் அத்தை வீட்டு அடுப்பிலும் எண்ணெய்ச் சட்டி இல்லை. கஞ்சி, துவையல்.

ராத்திரி அத்தைக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டேன். "இது எதுக்கு அத்தை?"

"ஒங்கப்பன் சொல்லலையா? அவனுக்கு அப்ப நாலு வயசு, அவனுக்கே யாரு சொன்னாங்களோ."

பிறகு சொன்னார். 1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை. அத்தைக்கு 8 வயது. ஐயா ஆலைக்குப் போயிருந்தார். அப்பத்தா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் பற்றாமல் போனதால், மூத்த மகனிடம் காசைக் கொடுத்து முக்குக் கடைக்கு அனுப்பினார். அவனுக்கு 11 வயது. காலை பத்து மணி வாக்கில் ஜப்பான் விமானங்கள் வந்தன. ரங்கூன் அதற்கு முன் குண்டு பார்த்ததில்லை. ஓடி ஒளிய வேண்டும் என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. தெருத் தெருவாக வெளியே வந்து நின்று, மேலே விமானங்கள் சண்டை போடுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் பாத்திரத்தோடு நின்று பார்த்திருப்பான்.

"பாத்திரந்தான் கெடச்சுது. சாயங்காலம் ஐயா கொண்டாந்து திண்ணையில வச்சாரு. அப்பத்தா அதையும் எடுத்துக் கழுவி வச்சா."

நகரமே பிரோம் சாலையில் நடக்க ஆரம்பித்தது. இவர்களும் நடந்தார்கள். 25ஆம் தேதி விமானங்கள் திரும்ப வந்து குண்டு போட்டபோது, நகரத்துக்கு வடக்கே கரேன் இனத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் மூங்கில் வீட்டில் இருந்தார்கள். கும்பிட ஒரு படம்கூட எடுத்துவரவில்லை. ஐயா மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து, ஒரு முறத்தில் மண்ணைப் பரப்பினாராம். அதன் முன்னால் முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்த வருஷத்துக் குடில்.

குடிலில் மண்ணை ஏன் முதலில் போடுகிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பூசைக் கருத்தில் வந்த பெயர் யாருடையது என்றும். கொள்ளுத்தாத்தா யாரோ என்று நினைத்திருந்தேன். அது 11 வயதுப் பிள்ளை, எனக்குப் பெரியப்பா.

"அம்மாவ நாங்க எவ்வளவோ கூப்பிட்டோம் கப்பலுக்கு" என்றார் அத்தை. "அவன் இங்கன கெடக்கான், அவன விட்டுட்டு எங்க வாரதுன்னா. கப்பல் கெளம்புற அன்னைக்கித்தான் எங்கிட்ட சொன்னா."

ஊர் திரும்பியதும் ரொம்ப நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பண்டிகை என்றால் பழைய சந்தோஷங்களைத் திரும்பச் செய்வது என்று எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டில் நாங்கள் விடாமல் பிடித்துவைத்திருக்கிற ஒவ்வொரு வழக்கமும் ஏதோ ஒரு கெட்ட வருஷத்தில் பிறந்திருக்கிறது. கஞ்சி 1941. சன்வின்மக்கின் 1964. இன்னொன்று 2008இல் வந்தது. அந்த மே மாதம் நர்கிஸ் புயல் டெல்டாவை அடித்துப்போட்டது, அந்த டிசம்பரில் எங்கள் கோவில் இளைஞர்கள் கேரல் பாடிச் சேர்த்த பணம் முழுவதையும் அங்கே அனுப்பினார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புதுத்துணி ஒருவருக்கு ஒன்றுதான், இரண்டாவதுக்கான பணம் உண்டியலுக்கு. என் மகளுக்கு அது காலங்காலமாக இருக்கிற வழக்கம்.

காரணத்தைப் பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் எனக்கு ரொம்பக் குழப்பம் இருந்தது. அப்பத்தா சொல்லாமல் விட்டது தற்செயல் இல்லை. தன் கையால் எண்ணெய்க்கு அனுப்பியவர் அவர். அந்தப் பாரம் பேரப்பிள்ளைகளுக்கு எதற்கு என்று நினைத்திருக்கலாம், கஞ்சியை மட்டும் கொடுத்தார். நானும் சொல்லாமலே இருந்தேன்.

இந்த ஐந்தாறு வருஷங்களில் மாறியதை என்னால் இன்னும் கோவையாகச் சொல்ல முடியவில்லை. 2020இல் கொரோனா நோய்க்காகக் கோவில் மூடியிருந்தது. பாலன் யேசுவின் பாதத்தை முத்தி செய்வதை அப்போது நிறுத்தினோம், இன்னும் தலை வணங்கிவிட்டுத்தான் வருகிறோம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஊரடங்கு. நள்ளிரவுப் பூசை சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துவிட்டது. கேரல் குழு பகலில் வந்து இரண்டு பாட்டு பாடிவிட்டுப் போகிறது. முன்பெல்லாம் டிசம்பர் முதல் தேதி பிறக்கிற நள்ளிரவிலேயே கரேன் பிள்ளைகள் கிட்டாரோடு கிளம்பிவிடுவார்கள், தெருவே விழித்திருக்கும். மின்சாரம் இருக்கிற நேரத்தை நம்பி எதையும் ஏற்ற முடியாது. மூங்கில் நட்சத்திரத்துக்குள் மகள் பேட்டரி விளக்கு வைக்கிறாள். வெளிச்சம் மங்கல்தான், ஆனால் தெரு முழுக்க இருண்டு கிடக்கும்போது அது தூரத்திலிருந்தே தெரிகிறது.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. என் தங்கை மகனுக்கு அப்போது 24. ஏப்ரலில் அவன் மலேசியாவில் இருந்தான். எப்படிப் போனான் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

அந்த டிசம்பர் 20ஆம் தேதி கூப்பிட்டான். ஆறு பேர் ஓர் அறையில் இருக்கிறார்கள். "பெரியம்மா, கேக்குக்கு அளவு சொல்லுங்க. அடுப்பு இல்ல, ரைஸ் குக்கர்தான் இருக்கு. எனக்கு 23ஆம் தேதி மட்டும் லீவு. அதுல எண்ணெய் ஊத்துவோமே, அன்னைக்குப் பண்ணலாமா?"

பண்ணு என்று சொல்லியிருக்கலாம். சன்வின்மக்கின் பொரிக்கிற பலகாரம் இல்லை. தனியாக இருக்கிற பிள்ளை, ஒரே ஒரு லீவு. ஆனால் கேட்டது அவன். அவ்வளவு தூரத்தில், எங்களில் யாரும் பார்க்காத ஓர் அறையில், அந்தத் தேதி அவனுக்கு நினைவிருந்தது. காரணம் தெரியாமலே அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் இனியும் மறைப்பது சரியில்லை என்று பட்டது. சொன்னேன். முறுக்கு, எண்ணெய், முக்குக் கடை, பாத்திரம், எல்லாம். மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை, இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன்.

"பதினொரு வயசா?" என்றான் கடைசியில். பிறகு, "சரி பெரியம்மா. 26ஆம் தேதி வேலை முடிஞ்சு வந்து பண்றேன்."

நாங்களும் கேக்கை 25ஆம் தேதி வெட்டவில்லை. அப்படியே மூடி வைத்தோம். 26 இரவு எங்களுக்கு ஏழரை மணி, அவனுக்கு ஒன்பது. நல்லவேளையாக அந்த நேரம் மின்சாரம் இருந்தது. தங்கையும் என் மகளும் நானும் போனை டின்னில் சாய்த்துவைத்து உட்கார்ந்தோம். அவன் குக்கரின் மூடியைத் திறந்து எங்களுக்குக் காட்டினான். அடி நன்றாகச் சிவந்திருக்கும்போல, ஓரத்தில் தெரிந்தது. மேல்பக்கம் வெளிறிக் கிடந்தது, மேலே தணல் இல்லையே. கசகசா கிடைக்கவில்லையாம், வெள்ளை எள்ளை வறுத்துத் தூவியிருந்தான். அறையிலிருந்த மற்ற பிள்ளைகள், சின், கச்சின், ஒரு பர்மிய பையன், ஆளுக்கொரு கரண்டியோடு சுற்றி நின்றார்கள்.

"ஜெபம் யார் சொல்றது?" என்று கேட்டான் அவன். தமிழில்தான் கேட்டான். தங்கை அழ ஆரம்பித்திருந்தாள். என் மகள் போனைக் கையிலெடுத்துக்கொண்டு, பர்மிய எழுத்தில் எழுதிவைத்திருந்த காகிதம் இல்லாமலே, அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள்.